பாலைவன மலையில் பல பிட்ச் பாறையேற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து தள்ளி, போன் சிக்னல் கிடைக்காத ஒரு பாலைவன மலையில் 8 முதல் 15 பிட்ச் வரை நீளும் பாதையில் முதல் தடவை ஏறப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கயிறு எட்டும் தூரம் வரை ஏறி, அங்கே பாறையில் நம்மைப் பிணைக்கும் பிடிமானம், அதாவது ஆங்கர் கட்டி, பின்னால் வருபவரையும் மேலே வரவழைப்பது ஒரு பிட்ச். அடிப்படைப் பயிற்சி உள்ள இருவர் ஜோடியாகப் போவதாக வைத்துக்கொண்டே எல்லாப் பதில்களும் எழுதப்பட்டுள்ளன.

இதில் உண்மையான கஷ்டம் எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் இறக்கத்தில். அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் பாபொக்கிவாரி சிகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தென்கிழக்கு விளிம்புப் பாதைக்கு அமெரிக்க அளவுகோலில் 5.6 தரம்தான், பயிற்சிச் சுவரில் முதல் மாதத்திலேயே பலர் ஏறிவிடும் அளவு. ஆனாலும் முட்புதர் நடை, ஏற்றம், ராப்பெல் (கயிற்றைப் பிடித்து இறங்குவது), திரும்பும் நடை எல்லாம் சேர்ந்தால் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஆகிவிடும். ஜோர்டானின் வாடி ரம்மில் 1,700 மீட்டருக்கு மேல் நிற்கும் ஜெபல் ரம்மும் அப்படித்தான். உச்சியில் மணற்பாறைக் குவிமாடங்களும் பள்ளங்களும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக் கிடக்கும். ஏறி முடித்தவர்கள் இறங்கும் வழி தெரியாமல் அங்கேயே இரவைக் கழிப்பது உண்டு. அதனால் திட்டத்தை இறக்கத்திலிருந்து தொடங்குங்கள். எத்தனை ராப்பெல், முதல் ஆங்கர் எங்கே, எந்த இடத்தைத் தாண்டினால் வந்த வழியே திரும்ப முடியாது என்ற மூன்றுக்கும் பதில் கையில் இல்லாமல் முதல் பிட்சைத் தொடாதீர்கள்.

எந்த அளவு திறமை இருந்தால் போகலாம்?

பாதையின் தரத்தைவிட இரண்டு படி மேலே, பாறைப் பிளவில் செருகும் பிடிமானக் கருவிகளான கேமும் (விரிந்து பிடிப்பது) நட்டும் (ஆப்பு போல மாட்டுவது) சொந்தமாக வைத்து, பதற்றமில்லாமல் லீட் செய்ய, அதாவது முன்னால் ஏறத் தெரிந்திருக்க வேண்டும். இருவருமே லீட் செய்யக்கூடியவர்களாக இருக்க வேண்டும். ஒருவருக்குக் கை உடைந்தால் மற்றவர்தான் கீழே கொண்டுவர வேண்டும். இவை தவிர, கயிற்றைச் சுற்றி இறுக்கும் புரூசிக் முடிச்சால் கயிற்றில் மேலேறுவது, பிலே சாதனத்தை (ஏறுபவர் விழுந்தால் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கருவி) பூட்டிக் கைகளை விடுவிப்பது, சாதனம் கீழே விழுந்துவிட்டால் முன்டர் முடிச்சில் பிலே செய்வது ஆகியவற்றைத் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருட்டில் செய்து பாருங்கள். அங்கே தடுமாறினால் இன்னும் நேரம் வரவில்லை.

எந்த மாதம், எந்தப் பக்கம்?

வட அரைக்கோளப் பாலைவனங்களில் மார்ச் முதல் மே நடுப்பகுதி வரையும், செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரையும் ஏற்ற காலம். குளிர்காலத்தில் வெயில் தொல்லை இல்லைதான், ஆனால் பகல் சுருங்கிவிடும். 30 பாகை அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் பகல் 10 மணி நேரம் சொச்சம்தான். சூரியன் மறைந்த அரை மணிக்குள் கால் வைக்கும் இடம் தெரியாது.

கிழக்கு பார்த்த சுவரில் காலையில் வெயில், மதியத்துக்கு மேல் நிழல். மேற்குச் சுவரில் அதற்கு நேர்மாறு. வெயில் காலத்தை ஒட்டிப் போனால் வடக்குச் சுவரைத் தேர்ந்தெடுங்கள், குளிர்காலத்தில் தெற்குச் சுவர். நிழலில் 25 டிகிரி என்று வானிலை அறிக்கை சொல்லும் நாளிலும் வெயிலில் காய்ந்த கரும்பாறையைத் தொட்டால் கை சுடும். ரப்பர் ஷூவும் இளகிப் பிடியை விடும்.

எவ்வளவு தண்ணீர்?

குளிர்ந்த பருவத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், வெப்பமான நாளில் 6 முதல் 8 லிட்டர். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, ஆகவே எல்லாவற்றையும் சுவரில் சுமக்க முடியாது. சுவரில் ஆளுக்கு 3 லிட்டர் போதும்படி திட்டமிட்டு, மீதியை இறங்கி வரும் பாதையில் நிழலில் ஒளித்து வையுங்கள். ஏறத் தொடங்கும் இடத்தில் வைத்துவிட்டு மலையின் மறுபக்கம் இறங்கினால் அந்தத் தண்ணீரால் பயனில்லை.

ஒரே பையில் எல்லாத் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். இடுக்கமான சிம்னிப் பிளவில் முதுகுப்பை பாறையில் உரசும்போது முதலில் கிழிவது மெல்லிய நீர்ப்பைதான். பாதியைக் கெட்டியான பாட்டிலில் வையுங்கள். சிம்னிக்குள் பையை முதுகில் மாட்டாமல், ஒரு மீட்டர் ஸ்லிங்கில் (நாடா வளையம்) ஹார்னெஸிலிருந்து (இடுப்புக் கச்சை) காலுக்கு நடுவே தொங்கவிட்டால் பையும் பிழைக்கும், உடம்பும் எளிதாக நகரும்.

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அதை நீர்ச்சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து. பாதித் தண்ணீரில் உப்புக்கரைசல் பொடி கலந்துகொள்ளுங்கள். பொடி இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஏறலாமா?

கிரானைட் என்றால் மேற்பரப்பு காய்ந்ததும் ஏறலாம். மணற்பாறை என்றால் கூடாது. மணற்பாறையின் மணல் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது களிமண்ணும் சுண்ணமும் உப்பும். ஈரம் உள்ளே இறங்கியதும் இந்தப் பிடிப்பு தளர்ந்து, சில வகைப் பாறைகளின் வலு பாதிக்கும் கீழே போய்விடும். நேற்று உங்கள் எடையைத் தாங்கிய விளிம்பு இன்று பிஸ்கட் போல ஒடியும். அந்தக் கைப்பிடி போனால் பாதையும் நிரந்தரமாக மாறிவிடும்.

வெளியே காய்ந்திருப்பதை நம்ப வேண்டாம். சுவரின் அடியில் மண்ணை விரல் ஆழம் தோண்டுங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் பாறைக்குள்ளும் ஈரம் இருக்கிறது. லேசான தூறலுக்கு 24 மணி நேரம், நல்ல மழைக்கு 48 முதல் 72 மணி நேரம் காத்திருங்கள். நிழல் சுவருக்கு அதற்கு மேலும் ஆகும்.

நல்ல பாறையை எப்படி அடையாளம் காண்பது?

கண்ணும் காதும் இரண்டும் வேண்டும். கருப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ பளபளப்புப் பூச்சு போலத் தெரிவது பாலைவன வார்னிஷ். இரும்பும் மாங்கனீசும் களிமண்ணும் சேர்ந்து படிந்த மெல்லிய ஓடு அது. அது உள்ள இடம் நெடுங்காலமாக உதிராமல் நின்ற இடம், பெரும்பாலும் கெட்டி. வெளிர் மஞ்சளாக, தேய்த்தால் விரலில் மணல் ஒட்டும் பட்டையில் எடை போடும் முன் யோசியுங்கள்.

தொங்கும் பலகைப் பாறையை முஷ்டியால் இரண்டு தட்டு தட்டுங்கள். காலிப் பானையைத் தட்டினாற்போல் ஒலித்தால் பின்புறம் பிரிந்திருக்கிறது. அப்படிப்பட்டதை வெளிப்பக்கமாக இழுக்காமல், கீழ்நோக்கி அழுத்தி மட்டும் பயன்படுத்துங்கள். அதன் பின்னால் கேம் வைத்தால், விழும் நேரத்தில் கேம் விரிந்து பலகையையே பெயர்த்து உங்கள் மேல் தள்ளும்.

எதையெல்லாம் எடுத்துப் போவது?

எட்டரை மில்லிமீட்டர் தடிமனில் 60 மீட்டர் அரைக்கயிறு (ஜோடியாகப் பயன்படுத்தும் மெல்லிய கயிறு) இரண்டு. ஒற்றைக் கயிற்றோடு போனால் ஒரு ராப்பெலுக்கு 30 மீட்டர்தான் இறங்க முடியும். பாதி வழியில் திரும்பும் நிலை வந்தால் இது போதாது. விரல் பருமனிலிருந்து முஷ்டி அளவு வரை கேம் இரண்டு செட், நட் ஒரு செட், 60 சென்டிமீட்டர் ஸ்லிங் பத்து, 120 சென்டிமீட்டர் ஸ்லிங் நான்கு. பாலைவன மணற்பாறையில் இயற்கையாகவே துளை விழுந்து ஸ்லிங் கோக்க வசதியான இடங்கள் நிறைய கிடைக்கும், அதனால்தான் ஸ்லிங் அதிகம்.

எல்லோரும் குறைத்து எடுத்துப் போவது விட்டுவிட்டு வரவேண்டிய பொருட்களைத்தான். 7 மில்லிமீட்டர் நைலான் கயிறு 15 மீட்டர், இரும்பு வளையமோ திருகு வளையமோ ஆறு, ஒரு சிறு கத்தி. ஆளுக்கு ஒரு ஹெட்லேம்ப், அதற்கு மாற்று பேட்டரி. ஹெல்மெட் பற்றிப் பேச்சே வேண்டாம், தலையில் இருக்க வேண்டும். லெதர் கையுறை ஒரு ஜோடி இருந்தால் மணல் ஏறிய கயிற்றில் இறங்கும்போது உள்ளங்கை தப்பும்.

மென்பாறையில் கேம் வைப்பதில் என்ன வித்தியாசம்?

கிரானைட்டில் பிடிக்கும் கேம், மணற்பாறையில் எடை விழுந்ததும் பாறையை அரைத்துக்கொண்டு வழுக்கலாம். பின்னர் பார்த்தால் பிளவின் இரு சுவரிலும் இரண்டு கோடு இழுத்தது போலத் தடம் இருக்கும். ஆகவே ஒரு பிளவுக்கு இரண்டு அளவு பொருந்துமானால் பெரியதையே வைத்து, அதன் விரியும் கதுப்புகள் நன்றாக ஒடுங்கிய நிலையில் நிற்கும்படி பாருங்கள். பிளவின் உதட்டில் வைக்காதீர்கள், ஒரு சாண் உள்ளே தள்ளுங்கள். கடினப் பாறையில் 4 மீட்டருக்கு ஒன்று வைப்பவர் இங்கே இரண்டரை மீட்டருக்கு ஒன்று வைக்கலாம்.

ஆங்கரில் மூன்று பிடிமானம், அதில் ஒன்றாவது ஸ்லிங் கோத்த துளையோ சரியாக உட்கார்ந்த நட்டோ. பிலே இடத்தை விட்டுக் கிளம்பியதும் இரண்டு மீட்டருக்குள் முதல் கேமை வையுங்கள். அது இல்லாமல் லீடர் விழுந்தால் விழுச்சிக் காரணி (விழும் தூரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுத்தது) 2. கயிற்றின் முழு அடியும் நேரே ஆங்கர் மேல் இறங்கும்.

ராப்பெல் இடத்தில் ஏற்கெனவே ஸ்லிங் கட்டியிருக்கிறது. நம்பலாமா?

முடிச்சைச் சற்றுத் தளர்த்தி உள்ளே பாருங்கள். முடிச்சுக்குள் அடர்சிவப்பு, வெளியே வெளுத்த இளஞ்சிவப்பு என்றிருந்தால் அது வெயிலில் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். வளைத்தால் காய்ந்த வாழை நார் போல விறைத்து நிற்பதும், மேற்பரப்பில் பஞ்சு போல நூல் எழும்பியிருப்பதும் கைவிட வேண்டியதற்கான அடையாளங்கள். பார்க்க நன்றாக இருப்பதிலும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பாறை விளிம்பு தின்றிருக்கும், எலியும் கடித்திருக்கும்.

வளையம் இல்லாமல் ஸ்லிங்குக்குள்ளேயே கயிறு ஓடிய தடம், அதாவது உருகி மினுங்கும் கோடு தெரிந்தால் உடனே வெட்டி எறியாமல் கழற்றிப் பையில் போடுங்கள். நைலான் 220 முதல் 260 டிகிரிக்குள் உருகும், ஸ்லிங் நெய்யும் மற்றொரு இழையான டைனீமா 145 டிகிரி அளவிலேயே உருகும். கயிற்றை இழுக்கும் உராய்வே அந்த வெப்பத்தைத் தரும். உங்கள் 7 மில்லிமீட்டர் கயிற்றில் இரண்டரை மீட்டர் வெட்டி, புதிதாகக் கட்டி, வளையம் போட்டு இறங்குங்கள். மூன்று நிமிட வேலை.

பாறையில் துளையிட்டுப் பொருத்திய போல்ட் இருந்தாலும் சோதனை வேண்டும். தகடு சுழல்கிறதா, துளையைச் சுற்றி மணல் உதிர்ந்து குழி விழுந்திருக்கிறதா, துருக்கோடு வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். எது இருந்தாலும் பக்கத்தில் சொந்தப் பிடிமானம் ஒன்று சேருங்கள்.

நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஒரு பிட்சுக்கு லீடர் 20 நிமிடம், பின்வருபவர் 12, இடம் மாறிக் கிளம்ப 8, மொத்தம் 40. பன்னிரண்டு பிட்ச் என்றால் 8 மணி நேரம். ராப்பெல் ஒன்றுக்கு 20 நிமிடம் வைத்து, எட்டுக்கு 2 மணி 40 நிமிடம். நடை போக வர 3 மணி. ஆக 13 மணி 40 நிமிடம். மார்ச்சில் பகல் 12 மணி நேரம்தான். எனவே அணுகு நடையை இருட்டில் முடித்து, முதல் வெளிச்சத்தில் பாறையைத் தொட வேண்டும்.

குறைக்கக்கூடியது அந்த 8 நிமிடம்தான். ஆங்கரில் கயிற்றை ஒழுங்காக மடித்துப் போடுவது, பின்வருபவர் ஏறும்போதே கேம்களை அளவு வாரியாக மாட்டிக்கொண்டு வருவது, மாறி மாறி லீட் செய்வது ஆகியவற்றால் அதை 4 ஆக்கலாம். பன்னிரண்டு பிட்சில் முக்கால் மணிக்கு மேல் மிச்சம். திரும்பும் நேரத்தை முந்தைய நாளே எழுதி வையுங்கள்: உதாரணமாக, மதியம் 1 மணிக்கு எட்டாவது பிட்ச் முடியாவிட்டால் இறக்கம். சுவரில் நின்று பேசி முடிவெடுக்கும்போது ஆசையே ஜெயிக்கும்.

ராப்பெல் கயிறு சிக்கிக்கொண்டால்?

பாலைவனத்தில் அதிகமாக நடப்பதும், மிகத் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். முதலில் வராமல் தடுப்பது. இரு கயிற்றையும் தட்டை ஓவர்ஹேண்ட் முடிச்சால் இணைத்து, வால் முழ நீளம் விடுங்கள். இந்த முடிச்சு விளிம்பில் மாட்டாமல் உருண்டு வரும். முதலாமவர் இறங்கியதும் கீழிருந்து ஒரு மீட்டர் இழுத்துப் பார்க்க வேண்டும். ஓடவில்லையென்றால் மேலே இருப்பவர் முடிச்சை விளிம்புக்குக் கீழே நகர்த்தலாம், இருவரும் இறங்கியபின் அது முடியாது. எந்த நிறக் கயிற்றை இழுக்க வேண்டும் என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுக்கடுக்கான தட்டுப்பாறையும் புதரும் உள்ள இடத்தில் 60 மீட்டர் ஒரே இறக்கத்தைவிட 30 மீட்டராக இரண்டு இறங்குவது மேல். காற்று வீசும்போது கயிற்றை எறியாமல், சுருட்டி இடுப்பின் இருபுறமும் ஸ்லிங்கில் மாட்டி, இறங்க இறங்க விட்டுக்கொண்டே போங்கள்.

கீழ் முனைகளில் தடுப்பு முடிச்சு கட்டாயம். ஆனால் இழுக்கும் முன் அதை அவிழ்க்க வேண்டும்; சிக்கலில் கணிசமானவை இதை மறந்ததால் வருபவை.

சிக்கிவிட்டது. இரு முனையும் கையில் இருந்தால், இரண்டு கயிற்றையும் சேர்த்துப் புரூசிக் போட்டு ஏறிச் சரிசெய்யலாம், ஆங்கர் இரண்டையும் பிடித்திருக்கிறது. ஒரு முனை மேலே போய்விட்டால் தொங்கும் ஒற்றைக் கயிற்றில் ஒருபோதும் எடை போட்டு ஏறாதீர்கள். ஒரு கூழாங்கல் இடுக்கு அதைப் பிடித்திருக்கலாம், பாதி உயரத்தில் அது விடும். கையிலுள்ள கயிற்றின் நீளத்துக்கு லீட் செய்து, கேம் வைத்து, பிலேயுடன் ஏறுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் கிடைத்த கயிற்றை வெட்டி, சின்னச் சின்ன இறக்கமாக இறங்குங்கள். இழுக்கும்போது கல் வரும், ஆகவே நேர் கீழே நிற்காமல் ஒதுங்கி நின்று இழுக்க வேண்டும்.

குரல் கேட்காதபோது எப்படிப் பேசிக்கொள்வது?

மூன்று நீண்ட இழுப்பு: ஆங்கரில் மாட்டிவிட்டேன். கயிறு முழுவதும் இறுகியபின் மறுபடி மூன்று: நீ ஏறு. வேறு எதுவும் வேண்டாம், குறியீடு கூடக்கூடக் குழப்பமும் கூடும். சிறிய வாக்கிடாக்கி இருந்தால் நல்லது.

தேனீ, பாம்பு, தேள்?

தேனீதான் பெரிய ஆபத்து. சுவரில் ஓட முடியாது. பிளவிலிருந்து ரீங்காரம் கேட்டாலோ, தேன்மெழுகுக் கறை வழிந்திருந்தாலோ அந்தப் பிட்சை விட்டுவிடுங்கள். தாக்கினால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு உடனே இறங்க வேண்டும். அலர்ஜி உள்ளவர் எபிநெஃப்ரின் ஊசியை ஹார்னெஸிலேயே வைத்திருக்கட்டும். பாம்புக்கு, கண் தெரியாத மேடையில் கையை முதலில் வைக்காமல் எட்டிப் பார்ப்பதே வழி. இரவில் கழற்றிய ஷூவைக் காலையில் தட்டிவிட்டு மாட்டுங்கள்.

வெப்பத் தாக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

சோர்வும் வியர்வையும் தலைவலியும் இருந்து பேச்சு தெளிவாக இருந்தால் நிழல், ஓய்வு, உப்புக்கரைசல் போதும். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தால், தெரிந்த முடிச்சைப் போட முடியாமல் விழித்தால், அது உயிருக்கு ஆபத்தான நிலை. குடிக்க வைத்திருக்கும் தண்ணீரானாலும் சரி, உடம்பில் ஊற்றி விசிறுங்கள். ஏற்றம் அத்தோடு முடிந்தது.

மயங்கியவர் ஹார்னெஸில் அசையாமல் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கும், நிமிடக் கணக்கில் நிலை மோசமாகும். உடனே ஒரு மேடைக்கு இறக்கிப் படுக்க வையுங்கள்.

மீட்புக் குழு எவ்வளவு நேரத்தில் வரும்?

அன்றே வராது என்று வைத்துத் திட்டமிடுங்கள். செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். ஆனால் சில நாடுகளில் அதற்கு முன் அனுமதி தேவை, விமான நிலையத்திலேயே பறிமுதல் ஆகலாம். ஆழ்ந்த பிளவுக்குள் வானம் தெரியாததால் செய்தி போகாது, திறந்த மேடைக்கு வந்து அனுப்புங்கள். நம்பகமான ஒருவரிடம் பாதையின் பெயர், வண்டி நிற்கும் இடம், எத்தனை மணிக்கு மேல் தேட வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள்.

அனுமதி வேண்டுமா?

மலைக்கு மலை மாறும். பாபொக்கிவாரி, அமெரிக்கப் பழங்குடிகளான டோஹோனோ ஓதாம் மக்களின் புனித மலை. மேற்குப் பக்கம் அவர்கள் நிலம் வழியாகப் போக அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்காவின் நவஹோ பழங்குடி நிலத்திலுள்ள ஷிப்ராக் பாறைமலையில் ஏறுவதே தடை. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறைமலையில் 2019 அக்டோபரில் ஏற்றம் மூடப்பட்டது. அங்கே வாழ்கிறவர்களுக்கு அது வழிபாட்டிடம், நமக்குப் பொழுதுபோக்கு. அவர்கள் சொல்வதே முடிவு. கழுகும் வல்லூறும் கூடு கட்டும் மாதங்களிலும் சில சுவர்களை மூடுவார்கள். நடந்து போகும்போது கருப்பாக முடிச்சு முடிச்சாக இருக்கும் மண் ஓட்டை மிதிக்காமல் பாறையிலோ மணல் ஓடையிலோ நடங்கள். அந்த ஓடு உயிருள்ளது, ஒரு காலடித் தடம் ஆறப் பல ஆண்டுகள் ஆகும்.

வண்டி மணலில் புதைந்தால்?

ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், இன்னும் இறங்கும். டயர் காற்றை 15 முதல் 20 பிஎஸ்ஐ வரை இறக்கி, சக்கரத்துக்கு முன்னே மணலைத் தோண்டி, மெல்ல நகர்த்துங்கள். கெட்டிப் பாதைக்கு வந்ததும் காற்றைத் திரும்ப அடிக்க ஒரு கம்ப்ரஸர் வேண்டும். வறண்ட ஓடைப் படுகையில் நிறுத்தவோ தூங்கவோ கூடாது. பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழை அங்கே வெள்ளமாக வரும்.

சுவரில் இருட்டிவிட்டால்?

அடுத்த ஆங்கர் தெரியாவிட்டால் இறங்காதீர்கள். அகலமான மேடையில் ஆங்கரில் மாட்டியபடியே உட்காருங்கள். பகலும் இரவும் 15 முதல் 20 டிகிரி வித்தியாசப்படும் இடம் இது, வியர்த்த சட்டையோடு இருந்தால் நடுக்கம் வரும். சட்டையை மாற்றி, மெல்லிய வெப்பக்காப்புத் தாளைச் சுற்றி, கயிற்றைச் சுருட்டிக் கீழே போட்டு அதன்மேல் உட்காருங்கள். மீதித் தண்ணீரில் பாதியைக் காலைக்கு வையுங்கள்.

திரும்பி வந்தபின் கருவிகளை என்ன செய்வது?

மணல் ஏறிய கயிறு அலுமினியக் கேரபினரை (கயிறு மாட்டும் கொக்கி) அரம் போல அராவும். வளைவில் பள்ளம் விழுந்து ஓரம் கூராகியிருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள், அந்தக் கூர் அடுத்த கயிற்றை அறுக்கும். கயிற்றை வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசுங்கள், கடைசித் தண்ணீர் தெளிவாக வரும்வரை. நிழலில் கொடிபோலத் தளர்வாகப் போட்டு உலர்த்துங்கள். கேமின் அச்சைத் தண்ணீரில் அசைத்து மணல் நீக்கி, முழுவதும் காய்ந்தபின் உலர் மசகு ஒரு துளி விட்டால் போதும். எண்ணெய் போட்டால் அடுத்த தடவை மணல் அதிலேயே ஒட்டும்.